இனிப்புநீரோடு பாடிபில்டிங்: கோலாலம்பூர் ஜிம்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கத்து ஜிம்களில் பளு தூக்கும் நம் ஆட்களில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் நிறையப் பேர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்கள் நூறு பேரில் 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 31. அப்படியிருந்தும் சப்ளிமெண்ட் கடையில் நிற்கும் விற்பனையாளர் "உங்களுக்கு என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்பதே இல்லை. கிளினிக்கில் டாக்டருக்கும் "என்ன பவுடர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்க நேரம் இருப்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. டைப் 2 இனிப்புநீரோடு பளு தூக்குகிறேன், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இனிப்புநீர் உள்ளவர் பாடிபில்டிங் செய்யலாமா?

செய்யலாம். பலருக்குச் செய்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் பெரிய கிடங்கு தசைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள் வரை உடம்பு இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படும். அதனால்தான் வாரத்தில் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியோடு, இடைவெளி விட்டு 2 அல்லது 3 நாள் பளுப் பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்க வேண்டாம்.

எனக்கு எந்த மருந்து என்பது ஜிம்முக்கு எதற்கு, அண்ணே?

கீழே வரும் எல்லாப் பதிலும் இதைப் பொறுத்தே மாறும். அதனால் மாத்திரை அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு படியுங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. ஆனால் நீண்ட காலம் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம். காரணம் தெரியாமல் சோர்வும் கால் மரப்பும் இருந்தால் அதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை வேறு இனம். இவை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, ஸ்குவாட் அடித்தீர்களா என்று பார்க்காது. வெறும் வயிற்றில் இதைப் போட்டுக்கொண்டு கால் பயிற்சிக்குப் போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். இன்சுலின் ஊசி போடுபவருக்கும் இதே கதைதான். கூடவே ஒன்று: பயிற்சி செய்யப்போகும் தொடையிலோ கையிலோ ஊசி போட வேண்டாம். அங்கே இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக உள்ளே போய்விடும்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள். கட்டிங் (உடம்புக் கொழுப்பைக் குறைப்பது) செய்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு பொறி இருக்கிறது, கீட்டோ கேள்வியில் சொல்கிறேன்.

வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைட் ஊசியில் பசி குறைந்து எடை இறங்கும். அந்த எடையில் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும். பளு தூக்குவதும் புரோட்டீனும் இவர்களுக்குத்தான் கூடுதல் அவசியம்.

எந்த அளவு இருந்தால் தூக்கலாம்?

இன்சுலினோ கிளிக்ளசைட் வகையோ எடுப்பவர், பயிற்சிக்கு முன் சர்க்கரை 5.0-க்குக் கீழே (இங்கே எல்லா எண்ணும் mmol/L கணக்கில்) இருந்தால் முதலில் ஏதாவது மாவுச்சத்து சாப்பிட வேண்டும். ஒரு வாழைப்பழம் போதும், 15 நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். 14-ஐத் தாண்டியிருந்தால், முக்கியமாக டைப் 1 உள்ளவர்கள், கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். கீட்டோன் இருந்தாலோ, வாந்தி, வயிற்று வலி, உடம்பு சரியில்லாத உணர்வு இருந்தாலோ அன்றைக்கு ஜிம் கிடையாது.

தூக்கிய பிறகு பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கிறதே?

கனமான செட்டில் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது, கல்லீரல் சேமித்த சர்க்கரையை விடுகிறது. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தானாக இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து கூடுதல் இன்சுலின் போடாதீர்கள். சாயங்காலம் பயிற்சி செய்தால் சர்க்கரை நடு இரவில் இறங்கவும் வாய்ப்பு உண்டு. இன்சுலின் போடுபவர்கள் படுக்கும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஜிம்மிலேயே சர்க்கரை இறங்கினால்?

4.0-க்குக் கீழே போனாலே குறைவுதான். வேர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். பளுவைக் கீழே வையுங்கள், "இந்த ஒரு செட்டை முடித்துவிடுகிறேன்" என்ற பேச்சே வேண்டாம். 15 கிராம் வேகமான சர்க்கரை எடுங்கள்: தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டி சீனி, அல்லது லேபிளில் அந்த அளவு சர்க்கரை வரும் சாதாரண 100 பிளஸ் பானம். ஜீரோ என்று எழுதிய டின் இந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவாது. சாக்லேட்டும் புரோட்டீன் பாரும் மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள், அன்றைய பயிற்சியை அதோடு விட்டுவிடுங்கள். மயங்கியவர் வாயில் யாரும் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும்.

கூடத் தூக்குபவர்களில் ஒருவருக்காவது உங்களுக்கு இனிப்புநீர் என்று தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவின் டக் பர்ன்ஸ் சிறுவயதிலிருந்தே டைப் 1 உள்ளவர், 2006-இல் மிஸ்டர் நேச்சுரல் யூனிவர்ஸ் பட்டம் வென்றவர். அடுத்த ஆண்டு சர்க்கரை இறங்கித் தடுமாறியபோது, குடித்திருக்கிறார் என்று நினைத்த போலீஸ் அவர் முகத்தில் மிளகுத் திரவம் அடித்தது. நல்ல உடம்புக்காரன் தடுமாறினால் பார்ப்பவர்களுக்கு நோய் என்று தோன்றாது. நம் ஊரிலும் அப்படித்தான்.

வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பவுடர்) குடித்தால் கிட்னி போய்விடுமா?

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு வே புரோட்டீனால் அது கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் "நன்றாக இருக்கிறது" என்பதை இனிப்புநீர்க்காரர் ஊகிக்க முடியாது. பாதிப்பு வலி இல்லாமல் வரும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனை, அப்புறம் டப்பா.

இரண்டும் சரியாக இருந்தால், தசை வளர்ப்பவர் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரோட்டீன் எடுக்கலாம். 75 கிலோ ஆளுக்கு நாளைக்கு 120 கிராம். அதற்கு மேல் இரட்டிப்பாகக் குடித்தால் பணம்தான் போகும். சிறுநீரகப் பாதிப்பு தொடங்கியிருந்தால் கணக்கே வேறு. பொதுவாக கிலோவுக்கு 0.8 கிராம் என்கிறார்கள், 1.3-ஐத் தாண்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அந்த நிலையில் டயட்டீசியனைப் பார்க்காமல் பவுடர் தொடவே வேண்டாம்.

டைப் 2 உள்ளவர்களுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வே குடித்தால், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வே இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது, வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. பாலில் கலக்காமல் தண்ணீரில் கலக்குங்கள். மைலோ சேர்த்து ருசி பண்ண வேண்டாம்.

மாஸ் கெய்னர் (எடை கூட்டும் பவுடர்)?

வேண்டாம். பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். பல டப்பாக்களில் ஒரு வேளை அளவிலேயே நூறு, இருநூறு கிராம் மாவுச்சத்து இருக்கிறது, பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் இரத்தத்தில் குளுக்கோஸ் போலவே வேகமாக ஏறும். எடை கூட்ட வேண்டுமானால் முட்டையும் கோழியும் கச்சானும் இருக்கின்றன.

கிரியேட்டின் எடுக்கலாமா?

சப்ளிமெண்ட்களில் அதிகம் ஆராயப்பட்டது இதுதான், வேலை செய்வதும் இதுதான். நாளைக்கு 3 முதல் 5 கிராம். 20 கிராம் "லோடிங்" தேவையில்லை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

இனிப்புநீர்க்காரருக்கு இதில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. கிரியேட்டின் உடம்பில் கிரியேட்டினினாக மாறும். கிளினிக்கில் சிறுநீரகத்தை அளப்பதும் அதே கிரியேட்டினினை வைத்துத்தான். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் மோசமாகத் தெரியலாம். தசை அதிகம் உள்ளவருக்கு அது ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். மெட்ஃபார்மின் அளவை முடிவு செய்வதும் கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரகத் திறன் எண்தான் (eGFR), அது மிகவும் குறைந்தால் மருந்தையே நிறுத்துவார்கள். நீங்கள் கிரியேட்டின் எடுப்பதை மறைத்தால், நல்ல மருந்து ஒன்று உங்களை விட்டுப் போகலாம். அதைவிட மோசமானது இதன் மறுபக்கம்: உண்மையிலேயே சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கும்போது "அது கிரியேட்டினால்தான்" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்வது. சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற வேறு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதற்குத் தசையாலும் கிரியேட்டினாலும் பெரிய குழப்பம் வராது. டாக்டரிடம் கேளுங்கள்.

ப்ரீ-வொர்க்கவுட் (பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர்)?

ஒரு ஸ்கூப்பில் 200, 300 மில்லிகிராம் காஃபின் இருப்பது சாதாரணம். காஃபின் சிலருக்குச் சர்க்கரையை ஏற்றும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எனக்கு அதைவிடப் பயம் தருவது வேறு. நடுக்கம், படபடப்பு, வேர்வை மூன்றும் சர்க்கரை இறங்குவதற்கும் அறிகுறி, ஸ்கூப் ஏறுவதற்கும் அறிகுறி. எது எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். யோஹிம்பின் என்ற தூண்டி கலந்ததைத் தொடவே வேண்டாம். தூண்டல் வேண்டுமானால் பாலும் சீனியும் இல்லாத ஒரு கோப்பி-ஓ கோசோங் குடித்துவிட்டுத் தூக்குங்கள்.

பிசிஏஏ, குளுட்டமின்?

போதுமான புரோட்டீன் சாப்பிடுபவருக்கு இந்த அமினோ அமிலப் பவுடர் இரண்டும் வீண் செலவு.

கீட்டோ டயட்டில் (மாவுச்சத்தை மிகவும் குறைத்து) கட்டிங் செய்கிறேன், சர்க்கரையும் நன்றாக இறங்குகிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

முன்னால் சொன்ன பொறி இதுதான். தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

எம்பாகிளிஃப்ளோசினோ டாபாகிளிஃப்ளோசினோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், பட்டினி கிடந்தால், அல்லது போட்டிக்கு முன் தண்ணீரைக் குறைத்தால், இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 20, 30 என்று காட்டும், யாருக்கும் புரிந்துவிடும். இந்த மருந்தில் அது சிறுநீரில் வெளியேறிக்கொண்டே இருப்பதால் 10, 11 என்று அடக்கமாகவே காட்டும். நீங்களும் "சர்க்கரை பரவாயில்லை, டயட் களைப்புதான்" என்று படுத்துவிடுவீர்கள். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, அளவுக்கு மீறிய களைப்பு வந்தால் மீட்டர் எண்ணை நம்பாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் மருந்தின் பெயரையும் கீட்டோ டயட்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கீட்டோன் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே புரியும்.

கிளிக்ளசைட், இன்சுலின் எடுப்பவருக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை வெட்டிவிட்டு மருந்தை அதே அளவில் வைத்தால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். எந்த டயட்டாக இருந்தாலும் மருந்தளவை டாக்டர் மாற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

சிலர் உடம்பு ஏற்ற இன்சுலின் போடுகிறார்களாமே? என்னிடம்தான் ஏற்கெனவே பேனா இருக்கிறதே?

உங்கள் இன்சுலின் உங்கள் சாப்பாட்டுக்கும் உங்கள் சர்க்கரைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. தசைக்காக யூனிட் கூட்டினால் தூக்கத்திலேயே உயிர் போகலாம். நண்பன் கேட்கிறான் என்று பேனாவைக் கொடுக்கவும் கூடாது. இனிப்புநீர் இல்லாதவன் உடம்பில் அது நேராகச் சர்க்கரையைக் கவிழ்க்கும், மூளையைப் பாதிக்கும். விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இன்சுலின் இருக்கிறது. இனிப்புநீர் உள்ள போட்டியாளர் முறையாக மருத்துவ விலக்கு வாங்க வேண்டும்.

வளர்ச்சி ஹார்மோன் சர்க்கரையை ஏற்றும். அனபாலிக் ஸ்டீராய்டு நல்ல கொழுப்பைத் தரைமட்டமாக்கும், இரத்தத்தைத் தடிப்பாக்கும், இதயத்தைக் கெடுக்கும். இனிப்புநீரால் ஏற்கெனவே மாரடைப்பு ஆபத்து கூடியவருக்கு இது எரிகிற இடத்தில் எண்ணெய். டெஸ்டோஸ்டெரோன் உண்மையிலேயே குறைவாக இருக்கிறது என்று தோன்றினால் அதற்குக் காலையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. டைப் 2 உள்ள ஆண்களுக்கு அந்தக் குறைவு வருவது சகஜம், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

டப்பா அசலா என்று எப்படித் தெரியும்?

மாத்திரை, கேப்சூல் வடிவ சப்ளிமெண்ட்டும் ஜாமு போன்ற பாரம்பரிய மருந்தும் இங்கே என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஆங்கில எழுத்தும் இருக்கும், பாதுகாப்பு ஹோலோகிராமும் ஒட்டியிருக்கும். அந்த எண்ணை அவர்கள் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள், அதே பெயர் வர வேண்டும். புரோட்டீன் பவுடர் பெரும்பாலும் உணவுப் பிரிவில் வருவதால் அதில் இந்த எண் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, சத்து அட்டவணை இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கலப்படம் நம்மைத்தான் முதலில் அடிக்கும். மூட்டுவலிக்கு "அற்புதமாக" வேலை செய்யும் பதிவில்லாத ஜாமுவில் டெக்ஸாமெதசோன் இருந்தது என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறது. அது ஒரு ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றிவிடும். கொழுப்பு எரிக்கும் கேப்சூல்களில், 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் இன்னும் பிடிபடுகிறது. பக்கத்துச் சிங்கப்பூரில் 2008-இல் கள்ள ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்ப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், சிலர் இறந்தார்கள். "இனிப்புநீரை அடியோடு குணப்படுத்தும்" என்று போனில் வரும் கேப்சூலையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பாகற்காய், வெந்தயம், கருவாப்பட்டை, குரோமியம்?

சமையலில் தாராளமாகச் சேருங்கள். மருந்துக்கு மாற்றாக நிற்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. செறிவூட்டிய கேப்சூலாகக் கிளிக்ளசைட்டோடு சேர்த்து எடுப்பதானால் மருந்தாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கிறேன். எதையாவது கவனிக்க வேண்டுமா?

வைட்டமின் சி. லிப்ரே 2 வகைச் சென்சாரில், நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். 1000 மில்லிகிராம் நுரைக்கும் மாத்திரை குடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும், வெளியே நல்ல எண் தெரியும்.

சாப்பாட்டிலேயே புரோட்டீனை எட்ட முடியுமா? நம் வீட்டுச் சாப்பாடு முழுக்கச் சோறுதானே?

முடியும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30, தெம்பே 100 கிராமில் 19 அளவுக்கு. தவ்ஹூ, இக்கான் கெம்போங், நெத்திலி, பருப்பு எல்லாம் கணக்கில் வரும். மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்குப் பதில் அவித்த முட்டை இரண்டும் தோசை ஒன்றும் கேளுங்கள், தே தாரிக்குக்குப் பதில் தே-ஓ கோசோங். வாழையிலைச் சாப்பாட்டில் சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்திக் காய்கறியையும் கோழியையும் முதலில் சாப்பிட்டால், சர்க்கரை ஏறும் வேகம் குறைவதைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் உங்கள் மீட்டரிலேயே பார்க்கலாம். சோறே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சி முடிந்த வேளைச் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது தசை அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

கண், கால்?

கண்ணின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் பார்க்காமல் கனமான பளுவுக்குப் போகாதீர்கள். விழித்திரையில் புது இரத்தக்குழாய் முளைத்திருந்தால், மூச்சை அடக்கித் தூக்கும் ஒரு டெட்லிஃப்ட்டில் உள்ளே இரத்தம் கசியலாம். பாதம் மரத்திருந்தால் வெறுங்காலோடு தூக்க வேண்டாம். தட்டு விழுந்தாலும் ஷூ கடித்தாலும் தெரியாது. குளிக்கும்போது தினமும் பாதத்தைப் பாருங்கள்.

தைப்பூச விரதத்தில் பயிற்சி செய்யலாமா?

சைவ விரதம் என்றால் பிரச்சினையே இல்லை, தெம்பேயும் பருப்பும் பாலும் தாங்கும். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம் என்றால் பயிற்சியைக் குறைத்து, அந்த வேளைக்குப் பிறகு லேசாகச் செய்யுங்கள். கிளிக்ளசைட், இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று விரதம் தொடங்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள், முந்தின வாரத்தில் அவசரமாக அவரிடம் ஓட வேண்டாம். காவடி எடுப்பவர்கள் பத்துமலையின் 272 படி ஏறும் முன் ஒரு முறை விரல் நுனியைக் குத்திப் பாருங்கள். கூட வருபவர் பையில் சீனித் தண்ணீர் இருக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பவுடர் என்று சொன்னாலே டாக்டர் திட்டுகிறார். எப்படிச் சொல்வது?

டப்பாவின் முன்பக்கத்தையும் சத்து அட்டவணையையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். "இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்வதுதான் அவருக்குச் சுலபம். அதற்குப் பதில், "நான் வாரத்தில் இத்தனை நாள் பளு தூக்குகிறேன், இவ்வளவு புரோட்டீனும் கிரியேட்டினும் எடுக்கிறேன். என் கிட்னி ரிசல்ட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், மருந்தளவை மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள். பயிற்சி நாளில் முன்னும் பின்னும் எடுத்த மீட்டர் எண்களைக் கிளினிக் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள். அந்த எண்களைக் கண்டால் பேச்சே மாறிவிடும். நேரம் இல்லை என்றால் மருந்து வாங்கும் கவுண்டரில் மருந்தாளரிடம் அதே படத்தைக் காட்டுங்கள், அல்லது டயட்டீசியனுக்குக் கடிதம் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கிலும் அந்த வசதி இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு.